இரண்டு விரற்கடை

வடிகாலில் அடைப்பு இல்லை.
அதைத்தான் முதலில் பார்த்தோம்.
புறா இறகு, பாட்டில் மூடி, சிகரெட் துண்டு
எல்லாம் வழித்தெடுத்த பிறகும்
வாயைத் திறந்துகொண்டு சும்மா இருந்தது.
தண்ணீர் நான்கு எட்டு தள்ளி நின்றது,
வானத்தைப் போட்டுக்கொண்டு.

ரசமட்டம் கொண்டுவந்து வைத்தான் அவ்தாண்டில்.
குமிழி தயங்கித் தயங்கி
ஒரு பக்கம் போய் ஒட்டிக்கொண்டது.
ருஸ்தாவியில், ஒன்பது மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில்,
வடிகால் இருக்கும் இடம்தான் மேடு.
இரண்டு விரற்கடை.
கட்டியபோது சரியாக இருந்திருக்கும்.
நாற்பத்தாறு வருடத்தில்
நடுப்பலகை தொய்ந்துவிட்டது,
லம்ஸிராவின் கட்டிலுக்கு நேர் மேலே.

பள்ளம் கண்டால் பாயும் தண்ணீர் என்பார்கள்.
வந்து சேர்ந்த இடமே பள்ளமென்றால்
அது எங்கே பாயும், பாவம்.
கீழ்நோக்கிக் கசியும்.

லம்ஸிரா வீட்டில் இரண்டு வாளி,
பேரனைக் குளிப்பாட்டிய தொட்டி,
ஜாம் கிண்டும் செம்புச் சட்டி.
"சட்டியில் விழும் சொட்டுதான் தூங்கவிடுவதில்லை.
மற்றது பழகிவிட்டது" என்கிறாள்.
கட்டிலை மூன்று முறை நகர்த்தி
இப்போது சமையலறையில் படுக்கிறாள்,
தலைமாட்டில் அடுப்பு.

வசூல் நோட்டு என்னிடம்.
கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று
என் தலையில் கட்டிவிட்டார்கள்.
முதல் மாடி கேட்கிறது: எங்களுக்கு ஏது கூரை?
நான்காம் மாடிக்குப் போலந்திலிருந்து பணம் வர வேண்டும்.
ஆறாம் மாடி கதவு திறப்பதில்லை;
உள்ளே டிவி சத்தம் குறைவது மட்டும் கேட்கும்.
தார் விரிப்பு ஒட்ட மூவாயிரம் லரி.
நோட்டில் நானூற்றுப் பத்து.

வியாழனன்று மழை என்றார்கள்.
அன்று செவ்வாய்.

ஹோஸ் இருந்தது. ஒரு நுனியைக் குட்டையில் அமிழ்த்தி
மறுநுனியைக் கூரைத் துவாரம் வழியாக
ஒன்பதாம் மாடிப் படிக்கட்டுக்கு இறக்கினோம்.
இனி யாராவது உறிஞ்ச வேண்டும்.
நான் உறிஞ்சினேன். காற்று வந்தது.
லம்ஸிராவின் மருமகன் உறிஞ்சினான். இருமல் வந்தது.
மூன்றாம் மாடி ஜும்பேர்
சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன்,
"கொடு" என்றான்.

ஒரு இழுப்பு. கட்டைவிரலால் அடைப்பு.
இன்னொரு இழுப்பு. அடைப்பு.
மூன்றாவதில் ஹோஸ் கனத்தது.
ஒரு துளி சிந்தவில்லை.

யாரும் கைதட்டுவதற்குள் அவ்தாண்டில் சொன்னான்,
மிக மெதுவாக:
"தொழில் தெரிந்த வாய்."

தொண்ணூற்று மூன்று, குளிர்காலம்.
மின்சாரமில்லை, ரொட்டிக்கு நாலு மணிக்கே வரிசை.
அவனுடைய ஷிகுலியின் டாங்கியில்
சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து வாங்கிய
இருபது லிட்டர் பெட்ரோல்
ஒரே ராத்திரியில் காணாமல் போனது.
முப்பது வருடமாக
ஐந்தாம் மாடியைச் சந்தேகித்திருந்தான்.
ஐந்தாம் மாடிக்காரன் செத்தும் போய்விட்டான்.

ஜும்பேரால் பதில் சொல்ல முடியவில்லை.
விரல் குழாயில்,
வாய் நிறையக் கூரைத்தண்ணீர்.
அப்படியே லம்ஸிராவின் குளியலறைக்கு நடந்தான்.
நாங்கள் அவன் பின்னால்.
ஹோஸைத் தொட்டிக்குள் விட்டான், விரலை எடுத்தான்.
இத்தனை நாள் கூரை வழியே வந்த தண்ணீர்
அன்று வாசல் வழியே வந்தது.
துப்பினான். வாயைத் துடைத்தான்.

"இருபது இல்லை.
பதினெட்டு."

இரண்டரை மணி நேரம் ஓடியது.
அவ்தாண்டில் மேலே போய்
ஹோஸின் நுனியைப் பிடித்து உட்கார்ந்தான்,
தண்ணீர் ஒதுங்கிய பக்கமெல்லாம் நகர்த்திக்கொண்டு.
கீழே ஜும்பேர், தொட்டியோரம்.
நடுவே ஹோஸ் மட்டும்.

கடைசியில் குழாய் ஒருமுறை விக்கியது.
மொட்டைமாடியில் வண்டல் வளையம்,
அதன் நடுவே குழந்தையின் ஒற்றைக் கையுறை.

மறுநாள் ஜும்பேர் படியேறி வந்து
தன் பங்கை எண்ணிக் கொடுத்தான்.
"கீழே இன்னொரு வரி எழுது" என்றான்.
எழுதினேன்: பெட்ரோல், பதினெட்டு லிட்டர்.
அன்றைய விலையா இன்றைய விலையா என்று
இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்,
லிஃப்டுக்குக் காத்திருக்கையில்.

புதன் இரவு. மேற்கே மேகம்.
லம்ஸிரா வாளிகளைக் கவிழ்த்துவைத்தாள்,
தொட்டியைப் பால்கனியில் மாட்டினாள்.
செம்புச் சட்டியை மட்டும்
இருந்த இடத்திலேயே விட்டுவைத்தாள்,
உள்ளே ஒரு துணி மடித்துப் போட்டு.